பல்லால் கேட்ட சேதுபதி

டன்லப் ஸ்ட்ரீட் மாடி வீட்டில், சேதுபதிக்குக் காது போய்விட்டது என்ற செய்தி சேதுபதிக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

மற்றவர்களுக்கு எப்போதோ தெரியும். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று "டேய் செவிடா" என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். திரும்பவில்லை. தகரத் தட்டைத் தரையில் போட்டுப் பார்த்தார்கள். அதற்கும் திரும்பவில்லை. கொஞ்ச நாள் இதுவே வீட்டுக்குப் பொழுதுபோக்காக இருந்தது. பிறகு அதுவும் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். அவனோ, ஊரில் எல்லாரும் இப்போது மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார்கள், தனக்கும் வயதாக ஆக மரியாதை கூடுகிறது என்று நினைத்து உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தான்.

தஞ்சோங் பகார் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் அவனுக்குத் துரு தட்டுகிற வேலை. மீசை முளைக்காத வயதில் சேர்ந்தான். கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி, இரும்புச் சுவரைச் சுத்தியால் தட்டித் தட்டித் துருவை உதிர்க்க வேண்டும். கோயில் மணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கும்போது வெளியிலிருந்து ஒரு கூட்டமே சேர்ந்து மணியை அடித்தால் எப்படி இருக்கும், அப்படி. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வருகிறவனைப் பார்த்து ஃபோர்மேன், "என்னடா, காது குத்திட்டு வந்திருக்கியா? தாய்மாமன் சீர் எங்க?" என்று கேட்பான். அந்த வெட்கத்தில் யாரும் பஞ்சு வைப்பதில்லை. முதலில் சேதுபதிக்கு மைனா சத்தம் போனது. அப்புறம் சைக்கிள் மணி போனது. பிறகு ரத்தினம்மாவின் குரல் போனது. இந்த மூன்றாவதை அவன் நஷ்டக் கணக்கில் சேர்க்கவில்லை.

அவனிடம் உண்மையை முதலில் சொன்னது உருளைக்கிழங்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொதுச் சமையற்கட்டில் அவனுடைய முறை. அன்றைக்கு அவன் கிழங்கு பொரிப்பான். வேறு எதையும் அவனுக்கு உருப்படியாகச் சமைக்கத் தெரியாது. தேக்கா மார்க்கெட்டில் முற்றின கிழங்காகப் பொறுக்கி வாங்கி வருவான். தோலைச் சீவி, அந்தப் பக்கம் இருக்கிற விரல் தெரிகிற மாதிரி மெல்லிசாக வெட்டி, தண்ணீரில் போடுவான். மாவு கரைந்து தண்ணீர் வெளுக்கும். கொட்டிவிட்டு வேறு தண்ணீர். தெளிகிற வரை அலசிவிட்டு, பழைய வேட்டியில் பரப்பி ஒற்றியெடுப்பான். குவாலிச் சட்டியில் தேங்காயெண்ணெய் காய்ந்ததும் கிழங்கைத் தூவினால் அது மழை மாதிரி இரையும். கிழங்குக்குள் இருக்கிற ஈரம் போகப் போக இரைச்சல் இறங்கும். சளசளப்பாகும், முணுமுணுப்பாகும், அப்புறம் அடங்கும். அடங்கின உடனே அரித்தெடுக்க வேண்டும். நிறத்தைப் பார்த்து எடுக்கிறவன் ஏமாந்துபோவான். சத்தத்தைக் கேட்டு எடுத்தால் கிழங்கு தட்டில் விழும்போதே கலகலவென்று சொல்லிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிழங்கைத் தூவினான். எண்ணெய் வாயே திறக்கவில்லை. காயவில்லை போலிருக்கிறது என்று அடுப்பைத் தூண்டினான். அப்போதும் பேசவில்லை. இன்னும் தூண்டினான். புகை எழும்பிக் கண்ணைக் கரித்தபோது ரத்தினம்மா ஓடிவந்தாள். அந்த வீட்டை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, பலகை வைத்துத் தடுத்து, அறை அறையாக உள்வாடகைக்கு விட்டிருப்பவள் அவள். வாய் பெரிதாகத் திறந்து திறந்து மூடியது. குவாலியில் கிழங்கு அடுப்புக்கரியாகக் கிடந்தது.

"எண்ணெய் இன்னும் காயலக்கா," என்றான் சேதுபதி.

ரத்தினம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பக்கத்திலிருந்த செம்பிலிருந்து விரலால் தண்ணீரைத் தொட்டு எண்ணெயில் உதறினாள். எண்ணெய் வெடித்துத் தெறித்தது. தெறித்ததை அவன் பார்த்தான். மணிக்கட்டில் சுட்டது. சத்தம் மட்டும் வரவில்லை.

அவன் முகம் போன போக்கைப் பார்த்து, அடுக்களை வாசலில் நின்ற சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எண்ணெய் காயவில்லை என்பது அந்த வீட்டில் பல நாள் ஓடின நகைச்சுவை. காபி சூடாக இருந்தால் "இன்னும் காயலக்கா" என்பார்கள்.

வேறு ஒருவனாக இருந்தால் கிழங்கை அத்தோடு விட்டிருப்பான். சேதுபதி அடுத்த ஞாயிறும் வாங்கி வந்தான். இந்தத் தடவை அரிகரண்டியின் மரப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கரண்டியின் தலையை எண்ணெயில் முக்கிக்கொண்டு, குவாலி மேல் குனிந்து நின்றான். பார்ப்பதற்கு நாய் எலும்பைக் கவ்விக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. ஆனால் எண்ணெயின் நடுக்கம் பிடி வழியாகப் பல்லில் ஏறியது. நடுக்கம் குறைந்து நின்றதும் அரித்தெடுத்தான். ஒன்றை எடுத்துக் கடித்தான்.

அதை எப்படிச் சொல்வது? உலகமே வாயை மூடிக்கொண்ட பிறகு, அவன் தாடைக்குள் ஒரு சின்னப் பட்டாசு வெடித்தது. காது வழியாக வரவில்லை. பல்லிலிருந்து எலும்பு வழியாக நேரே மண்டைக்குள் போனது. அவனுக்கு மிச்சமிருந்த சத்தம் அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கு ஞாயிறு அவன் கிழங்கு பொரித்தது வயிற்றுக்காக இல்லை.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. காதர் மைதீனிடம்கூட.

காதர் மைதீன் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கத்து அறைக்காரன். தெருமுனையில் சரபத் கடையில் தேத்தண்ணீர் ஆற்றுகிறவன். நாள் முழுக்க ஆற்றி ஆற்றிக் கை நீண்டுவிட்டது என்பான். ஆனால் அவனுக்கு நீளமானது நாக்குதான். சேதுபதியை அந்த வீட்டில் அதிகமாகக் கேலி செய்தவனும் அவன்தான், சேதுபதியோடு ஒரே தட்டில் சாப்பிட்டவனும் அவன் ஒருவன்தான். கிழங்கு ஒவ்வொரு ஈடு இறங்கும்போதும் சேதுபதி அவனிடம் ஒன்றை நீட்டிக் கேட்பான்.

"எப்படி பாய்?"

காதர் வாயில் போட்டு மெல்லுவான். மொறுமொறுவென்று வீடு முழுக்கக் கேட்கும். முகத்தை மட்டும் சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி வைத்துக்கொண்டு, மணிக்கட்டிலிருந்து கையைத் தொங்கவிட்டு, செத்த மீனைப் போல ஆட்டிக் காட்டுவான். "நமத்துப் போச்சு மச்சான்."

சேதுபதி மறுபடி எண்ணெயில் போடுவான். காதர் மறுபடி கையைத் தொங்கவிடுவான். கிழங்கு கருகுகிற வரை நடக்கும். அடுக்களை முழுக்க ஆள் கூடிச் சிரிக்கும்.

முதல் ஈட்டை எடுத்த உடனே ஒன்றைக் கடித்துப் பார்த்துவிடுகிற சேதுபதிக்கு, காதர் புளுகுகிறான் என்பது ஒவ்வொரு தடவையும் தெரியும். தெரிந்தேதான் கருக்கினான். வாரத்தில் அந்த ஒரு நேரம்தான் வீட்டுச் சனம் மொத்தமும் அவனைச் சுற்றி வந்து நிற்கும். கூலியில் கொஞ்சம் கிழங்கு கரியாகப் போனால் போகட்டும் என்று இருந்தான்.

இன்னொன்றும் அவர்களுக்குத் தெரியாது. காதரின் வாயை மட்டும்தான் அவன் படிப்பான் என்று நினைத்திருந்தார்கள். பழகின வாய்களையெல்லாம் அவன் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தான். ரத்தினம்மாவின் வாய் சுலபம். ஒவ்வொரு வார்த்தையையும் மென்று துப்புவாள். அவனுக்கு எதிரிலேயே நின்று அவனைப் பற்றிச் சொல்வதையெல்லாம் அவன் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டதாகக் காட்டிக்கொண்டால் அடுத்த தடவை திரும்பி நின்று பேசுவார்கள். அப்புறம் அதுவும் போகும்.

இப்படி இருந்தவனுக்கு ஒரு பெண் அமைகிற மாதிரி வந்தது.

கொண்டுவந்தவள் ரத்தினம்மா. இரக்கத்தில் இல்லை. ஜோகூரிலிருந்து அவளுடைய தம்பி பிழைக்க வருகிறான். தெருவைப் பார்த்த ஜன்னல் உள்ள அறை அவனுக்கு வேண்டும். அது சேதுபதியின் அறை. போகச் சொன்னால் போக மாட்டான், கல்யாணம் கட்டி வைத்தால் போய்விடுவான். புக்கிட் மேரா பக்கம் அடுக்குமாடி வீடுகள் கிடுகிடுவென்று எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. குடும்பஸ்தன் என்றால் அந்த வீட்டுக்குப் பேர் பதியலாம். பெண்ணின் பெயர் சந்திரமதி. அப்பா அம்மா இல்லை. அண்ணன் அண்ணாதுரை சாலை போடுகிற கூட்டத்தை மேய்த்து வேலை வாங்குகிற மண்டோர். அவனும் அத்தை பூவம்மாவும் சேர்ந்துதான் பெண்ணை வளர்த்தார்கள்.

பெண்ணின் படம் முதலில் வந்தது. ஸ்டூடியோவில் எடுத்தது. காகிதப் பூச்சாடிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. படம் எடுக்கிறவனிடம் ஏதோ கேட்டிருக்கிறாள், அதற்குள் பிடித்துவிட்டான். என்ன கேட்டிருப்பாள் என்று சேதுபதி அந்த வாயை உற்றுப் பார்த்துப் பார்த்து யோசித்தான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கப்பல் வயிற்றுக்குள்ளும் இறங்கினான். இந்த வாயைப் படிக்கக் கற்றுக்கொள்ள ஓர் ஆயுசு கிடைத்தால் போதும் என்று அவனுக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

"காது விஷயம் மட்டும் அவங்களுக்குத் தெரிஞ்சிச்சு, அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கிப் போயிட்டே இருப்பாங்க," என்றாள் ரத்தினம்மா, காதைத் தொட்டுக் காட்டி, கழுத்தை அறுப்பது போலச் சைகை செய்து.

அதற்கு வழி கண்டுபிடித்தது சேதுபதிதான். "கிழங்கு போடுறேன்க்கா."

"இவன் ஒருத்தன். உயிர் போற நேரத்துல கிழங்காம்."

"இல்லக்கா. மொறுமொறுன்னு வாயில வச்சு மெல்லும்போது யாருக்கு யார் பேசுறது கேக்குது? எல்லாரும் என்ன என்னன்னுதான் கேப்பாங்க. நானும் கேப்பேன். அதுக்குள்ள பாய் அவங்க முதுகுக்குப் பின்னால நின்னு வாயை அசைச்சுக் காட்டட்டும், நான் புரிஞ்சுக்கிட்டுப் பதில் சொல்லிடுவேன். தட்டு காலியாகாமப் பாத்துக்கிட்டாப் போதும்."

ரத்தினம்மா காதரைப் பார்த்தாள். காதர் சேதுபதியைப் பார்த்தான். அந்த வீட்டில் முதன்முறையாகச் சேதுபதி சொன்ன ஒன்றுக்கு யாரும் சிரிக்கவில்லை.

"மூளைக்காரன்தான்லா," என்றான் காதர்.

அந்த ஞாயிறு கிருத்திகையாகவும் அமைந்தது. நல்ல சகுனம் என்று நினைத்த சேதுபதி, இந்தச் சம்பந்தம் கூடிவர வேண்டும் என்று முருகனுக்கு விரதம் இருந்தான். தண்ணீரைத் தவிர வேறு எதுவும், விளக்கு வைக்கிற வரை, பல்லில் படக் கூடாது. உப்பு படவே கூடாது.

காலையில் பொரித்தான். கரண்டிப் பிடியைக்கூட வாயில் வைக்காமல், கையால் பிடித்து நடுக்கம் பார்த்தே எடுத்தான். சரியாகத்தான் எடுத்தான். வழக்கமாகக் காகிதத்தில் பரப்பி, சூடு முழுக்க ஆறின பிறகுதான் டின்னில் அடைப்பான். அன்றைக்கு ரத்தினம்மா முதுகுக்குப் பின்னால் நின்றாள். "வாசம் போகணும், தரை கழுவணும், புள்ளைங்க வந்து அள்ளிட்டுப் போயிடும், மூடுடா" என்று விரட்டி விரட்டி, ஆவி பறக்கிற கிழங்கை அவன் கையாலேயே பிஸ்கட் டின்னுக்குள் போடவைத்து மூடியையும் அழுத்திவிட்டாள். உள்ளே கிழங்கு வேர்த்துக்கொண்டு கிடந்தது. போதாக்குறைக்கு மழை பிடித்துக்கொண்டது. வர வேண்டியவர்களும் நேரம் கழித்துத்தான் வந்தார்கள்.

வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அண்ணாதுரைக்கு மேல் உதட்டை முழுசாக மூடின மீசை. பூவம்மா வாய் நிறைய வெற்றிலை, பேசும்போது சாற்றை மறைக்கக் கையை வைத்துப் பொத்திக்கொள்கிற வழக்கம். சேதுபதி இரண்டு வாயையும் மாறி மாறிப் பார்த்தான். ஒன்று புதர், இன்னொன்று கதவு.

அடுக்களையில் அவன் டின்னைத் திறந்தான். காதர் ஒன்றை எடுத்து வாயில் போட்டான்.

"எப்படி பாய்?"

காதர் மென்றான். மறுபடி மென்றான். அவன் முகம் மாறியது. மணிக்கட்டிலிருந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டினான். "நமத்துப் போச்சு மச்சான்."

சேதுபதி சிரித்தான். "இன்னைக்குமா பாய்?"

"அல்லா சத்தியமா. தொவண்டு கிடக்கு. மறுபடி எண்ணெயில போடு."

"உனக்கு நேரம் காலமே கிடையாதுலா," என்று அவன் தோளில் தட்டிவிட்டுச் சேதுபதி தட்டில் கொட்ட ஆரம்பித்தான்.

காதர் அவன் கையைப் பிடித்தான். டின்னைப் பிடுங்கப் பார்த்தான். தொங்கின கையைச் சேதுபதியின் மூக்குக்கு நேராகக் கொண்டுவந்து ஆட்டினான். ஒரே ஒரு துண்டைக் கடித்திருந்தால் சேதுபதிக்கு எல்லாம் தெரிந்திருக்கும். கடிக்க முருகன் விடவில்லை. காதர் சொல்வதை நம்பப் பழக்கமில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு கூடத்துக்குப் போனான். காதர் பின்னாலேயே வந்து, விருந்தாளிகளின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

எல்லாரும் எடுத்து வாயில் போட்டார்கள். தாடைகள் அசைந்தன. சேதுபதியின் மனக்கண்ணில், இல்லை மனக்காதில், கூடமே மொறுமொறுத்தது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் மழை நின்றது அவனுக்குத் தெரியாது. கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஈரத் துணியை மெல்லுகிற மாதிரி எல்லாரும் கிழங்கை மென்றுகொண்டிருந்தார்கள்.

அண்ணாதுரை அமைதியான குரலில், "வேலையில லீவெல்லாம் குடுக்குறாங்களா தம்பி?" என்று கேட்டான்.

மீசை அசைந்ததைச் சேதுபதி பார்த்தான். திட்டம் போட்டபடி, பலமான இரைச்சலுக்கு நடுவே பேசுகிறவன் மாதிரி, காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு கத்தினான்.

"என்னாங்க? சத்தத்துல கேக்கல!"

பூவம்மா மெல்லுவதை நிறுத்தினாள். "எந்தச் சத்தத்துல?"

"மழைச் சத்தம்," என்றாள் ரத்தினம்மா அவசரமாக.

"மழைதான் அப்பவே விட்டுருச்சே."

சேதுபதி எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். "நல்லா மொறுமொறுன்னு இருக்குல்ல? பேசவே முடியாது!" என்று இன்னும் உரக்கச் சொன்னான்.

அண்ணாதுரை கையிலிருந்த கிழங்கைப் பார்த்தான். அது அவன் விரலில் வெற்றிலை மாதிரி மடங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தையைப் பார்த்தான். மண்டோர்களுக்கு ஒரு புத்தி உண்டு, சந்தேகம் வந்தால் கேட்க மாட்டார்கள், ஆளைத் தட்டிப் பார்ப்பார்கள். அவன் முகத்தில் தேன் வழிகிற மாதிரி ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு, முன்னால் சாய்ந்து, மரியாதையாகத் தலையை ஆட்டி ஆட்டிப் பேசினான். சேதுபதிக்குக் கேட்கவில்லை. நாமாவது கேட்டு வைப்போம்.

"உன் மூஞ்சிக்கு எங்க கொட்டாயில கிடக்குற எருமை கூட சம்மதிக்காது. சரிதானே மாப்ள?"

சேதுபதி காதரின் வாயைத் தேடினான். காதரின் வாய் அசையவில்லை. சரி, நல்ல வார்த்தையாகத்தான் இருக்கும் என்று சேதுபதி தலையாட்டினான். "ரொம்ப சந்தோஷங்க."

அறை வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சனம் குபீரென்று சிரித்தது.

"உங்க பரம்பரையே செவிட்டுப் பரம்பரையா? இல்ல, நீ ஒருத்தன்தான் அரைகுறையா பொறந்தியா?"

"எல்லாம் பெரியவங்க ஆசீர்வாதம்."

பூவம்மா வாயைப் பொத்திய கைக்குப் பின்னால் குலுங்கினாள். தம்பிக்கு நினைத்த அறை கைநழுவிப் போகிறது என்று தெரிந்தும் ரத்தினம்மாவால்கூடச் சிரிப்பை அடக்க முடியவில்லை, முந்தானையைக் கடித்துக்கொண்டாள். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துச் சேதுபதிக்கும் தைரியம் வந்து சேர்ந்து சிரித்தான். காரியம் கூடிவிட்டது என்றே நினைத்தான். அப்போதுதான் காதரைக் கவனித்தான்.

காதர் சிரிக்கவில்லை.

செத்த வீட்டிலும் சிரிக்கிறவன் காதர். அவன் சிரிக்காமல் நின்றதைப் பார்த்ததும் சேதுபதியின் சிரிப்பும் பாதியில் நின்றது.

அண்ணாதுரை எழுந்து கையை நீட்டினான். "படத்தைக் குடு."

எதற்குக் கை நீட்டுகிறான் என்று புரியாமல், சேதுபதி தட்டை எடுத்து, ஒரு பிடி கிழங்கை அள்ளி அந்த உள்ளங்கையில் வைத்தான். வீடு சிரிப்பில் அதிர்ந்தது. அண்ணாதுரை கிழங்கைத் தரையில் உதறிவிட்டு, எண்ணெய்க் கையோடு சேதுபதியின் சட்டைப் பைக்குள் விரலை விட்டான். படத்தை உருவினான். ஓரத்தில் எண்ணெய்க் கறை பட்டது. அத்தையிடம் கொடுத்தான். அவள் அதை வாங்கித் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இதற்குக் காது வேண்டியதில்லை. சேதுபதிக்குப் புரிந்தது.

அவர்கள் படி இறங்கிப் போன பிறகு, ரத்தினம்மா அவனைத் திட்டி முடித்துப் போன பிறகு, வீட்டுப் பிள்ளைகள் "ரொம்ப சந்தோஷங்க" என்று ஒன்றையொன்று வணங்கி விளையாடிவிட்டுக் கலைந்த பிறகு, சேதுபதி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். சாயங்கால விளக்கு இன்னும் வைக்கவில்லை. அவன் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். விரதம் முறிந்தது. பல்லுக்கு நடுவில் கிழங்கு மடங்கியது. மண்டைக்குள் ஒன்றும் வெடிக்கவில்லை.

காதரை நிமிர்ந்து பார்த்தான்.

"நீ நெசமாத்தான் சொன்னியா பாய்?"

காதர் தலையாட்டினான்.

"எப்பலேருந்து இந்தக் கெட்ட பழக்கம்?"

காதர் எதிரில் குந்தினான்.

"அவன் என்னா சொன்னான்? ஒண்ணு விடாமச் சொல்லு."

"விடு மச்சான்."

"சொல்லு பாய்."

காதர் சொன்னான். சேதுபதி படிப்பதற்கு வசதியாக, உதட்டை விரித்து, ஒவ்வொரு வார்த்தையாக, மிட்டாய் எண்ணிக் கொடுக்கிற மாதிரி சொன்னான். எருமையைச் சொன்னான். பரம்பரையைச் சொன்னான். சேதுபதி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பொண்ணைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல."

சேதுபதி எழுந்தான். தட்டிலிருந்ததையும் டின்னிலிருந்ததையும் அள்ளி எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனான். எண்ணெயை மறுபடி காயவைத்தான். நமத்த கிழங்குக்கு இரண்டாவது தடவை எண்ணெய் போதும், உயிர் வந்துவிடும். கரண்டிப் பிடியைப் பல்லில் கவ்விக்கொண்டு நின்றான். வாசம் எழும்பியதும் வீடு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தது. வெட்கம் மானம் பார்த்துக் கிழங்கை விடுகிற சனமில்லை அது. சுற்றி உட்கார்ந்து அள்ளி அள்ளித் தின்றார்கள். அவன் முகத்துக்கு நேராகவே அன்றைய கூத்தை மறுபடி பேசினார்கள்.

ரத்தினம்மா ஒரு கை கிழங்கை வாயில் போட்டு மென்றுகொண்டே சொன்னாள். "இவன் ஒழிவான், ஜன்னல் ரூமைத் தம்பிக்குக் குடுக்கலாம்னு பாத்தேன். இனிமே இந்தச் செவிட்டு முண்டம் சாகுற வரைக்கும் அங்கேருந்து நகராது."

சேதுபதி வாயிலிருந்த கரண்டிப் பிடியை எடுத்தான்.

"ஆமாக்கா. சாகுற வரைக்கும் நகர மாட்டேன். உங்க தம்பியை வேற ரூம் பாக்கச் சொல்லுங்க."

மெல்லுகிற தாடையெல்லாம் நின்றது. ரத்தினம்மாவின் வாய் திறந்தபடியே இருந்தது. ஒவ்வொருத்தரும் இத்தனை வருஷமாக அவனுக்கு எதிரில் உட்கார்ந்து என்னென்ன சொன்னோம் என்று பின்னோக்கி ஓடுவது முகங்களில் தெரிந்தது. சேதுபதி அதைச் சாவகாசமாகப் பார்த்தான். வாழ்க்கையில் அவன் செய்த ஒரே குறும்பு அது. நன்றாகத்தான் இருந்தது.

அதற்கு விலையும் உடனே வந்தது. ரத்தினம்மா மெதுவாக முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். பக்கத்தில் இருந்தவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு பதில் சொன்னாள். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் சேதுபதி எதிரில் வந்தால் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிறு பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் அது பழக்கமாகிவிட்டது, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவன் ஜன்னல் அறையிலேயே இருந்தான். ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவர்கள் வேகமாகப் போய்விடுவார்கள்.

காதர் மட்டும் வாயைப் பொத்தவில்லை. அடுத்த ஞாயிறு முதல் ஈடு இறங்கியபோது, வழக்கம் போல வந்து நின்றான். அவனைத் தவிர வேறு யாரும் அடுக்களைக்கு வரவில்லை. சேதுபதி ஒரு துண்டை நீட்டினான்.

"எப்படி பாய்?"

காதர் கடித்தான். மொறுமொறுவென்ற சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டது. பழக்கத்தில் தொங்கவிடப்போன கையைப் பாதியில் இறக்கிக்கொண்டு, மென்றுகொண்டே நின்றான்.